தெருநாய்க் கொலையும் நாய்க்கறிப் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கேயாவது ஒரு குழந்தையை நாய் கடித்தது என்று செய்தி வந்தால் போதும், இரண்டு பேச்சுகள் உடனே கிளம்பிவிடும். ஒன்று, "எல்லாத்தையும் கொன்னுடுங்க". இன்னொன்று, "நாகாலாந்துக்கு அனுப்புங்க, அவங்க சாப்பிட்டுடுவாங்க". முதலாவது பயத்திலிருந்து வருகிறது, அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது ஒரு மக்கள் கூட்டத்தையே இழிவுபடுத்துகிறது. அதோடு, இந்த இரண்டு பேச்சும் உண்மையில் செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடவே உதவுகின்றன. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

தெருநாய்களை ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் வெறிநாய்க்கடி தீர்ந்துவிடாதா?

செய்து பார்த்திருக்கிறார்கள். தீரவில்லை.

இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் 1997 வரை ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிடையாது. அந்த ஆண்டு சுலாவெசிப் பக்கமிருந்து மீனவர் படகில் வந்த நாய்கள் மூலம் நோய் உள்ளே நுழைந்தது. அரசு நாய்களைக் கொல்ல ஆரம்பித்தது. தீவில் இருந்த நாய்களில் ஏறத்தாழ பாதி, அதாவது லட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. ஆனாலும் நோய் போகவில்லை, இன்றுவரை அங்கே இருக்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஃப்ளோரஸ் மக்கள் நாய்க்கறி சாப்பிடுகிறவர்கள். சடங்கிலும் விருந்திலும் அதற்கு இடம் உண்டு. அதே மக்கள்தான் தோட்டத்தையும் வீட்டையும் காக்க நாய் வளர்க்கிறார்கள். அரசு ஆட்கள் கொல்ல வந்தபோது பலர் தங்கள் நாயை வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஒளித்தார்கள். நாயை இழந்தவர்கள் வெளியூரிலிருந்து புதுக் குட்டிகளை வாங்கிவந்தார்கள். இந்தப் போக்குவரத்தில் நோயும் கூடவே பயணம் செய்தது. நாயைச் சாப்பிடும் ஊரில் தெருநாய்ப் பிரச்சினை இருக்காது, நாயைக் கொன்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்று இங்கே உட்கார்ந்து நினைக்கிறோம். இரண்டுமே தவறு என்று ஃப்ளோரஸ் காட்டுகிறது.

பாலித் தீவில் 2008-இன் கடைசியில் ரேபிஸ் வந்தது. அங்கேயும் முதலில் விஷம் வைத்து ஆயிரமாயிரமாகக் கொன்றார்கள். நோய் தீவு முழுக்கப் பரவியது. 2010-இல் மட்டும் 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தீவு முழுவதும் நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகுதான் இறப்பு மளமளவென்று இறங்கியது.

ஒரு நாயைக் கொன்றால் ஒரு நாய் குறையத்தானே வேண்டும்? ஏன் குறைவதில்லை?

தெருவில் குப்பையும் சோறும் எத்தனை நாய்க்குப் போதுமோ, அத்தனை நாய் அங்கே வாழும். கொன்ற இடம் காலியாக இருக்காது. பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும், இருக்கிற பெட்டை போடும் குட்டிகளில் பிழைப்பவை கூடும். ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை ஈனும்.

இதைவிடப் பெரிய சிக்கல், எந்த நாய் கையில் மாட்டுகிறது என்பது. நாய் பிடிக்க வருபவரிடம் சுலபமாக அகப்படுவது மனிதரைக் கண்டால் வாலாட்டி வருகிற நாய். ஊசி போட்டிருப்பதும் பெரும்பாலும் அதற்குத்தான். அதைக் கொன்றுவிட்டால் தெருவில் நோய்க்கு இருந்த தடையையே நாமே எடுத்துவிட்டோம் என்று பொருள். மனிதரைக் கண்டால் ஓடுகிற, ஊசி போடாத நாய் அங்கேயே இருக்கும்.

நம்ம சென்னையில் கொன்றதில்லையா?

நூறு ஆண்டுக்கும் மேல் கொன்றார்கள். மாநகராட்சி நாய் பிடிக்கும் வண்டியில் கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வது இங்கே வழக்கமான வேலையாக இருந்தது. கடைசிக் காலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன என்று புளூ கிராஸ் அமைப்பு சொல்கிறது. 1959-இல் சென்னையில் தொடங்கிய அந்த அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து ஊசி போட்டு விடலாம் என்று 1960-களிலிருந்தே கேட்டுவந்தது. மாநகராட்சி ஒத்துக்கொண்டது 1996-இல். நாட்டுக்கே பொதுவான கருத்தடை விதிகள் 2001-இல் வந்தன. அந்த விதிகளுக்குச் சென்னை ஒரு முன்மாதிரி.

இலங்கையும் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006-இல் கைவிட்டது.

கருத்தடை ஆரம்பித்து இத்தனை வருஷமாகியும் நாய் கூடிக்கொண்டேதானே போகிறது?

ஆமாம், இந்தக் கோபம் நியாயமானது. 2024-இல் எடுத்த கணக்குப்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அவற்றில் கருத்தடை ஆனவை நாலில் ஒன்றுக்குச் சற்று மேல் மட்டுமே. நாலில் ஒன்று என்பது பலன் தரும் அளவே அல்ல. ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்குமேல், அதுவும் குறுகிய காலத்துக்குள் செய்து, பிறகும் விடாமல் தொடர்ந்தால்தான் எண்ணிக்கை இறங்கும். இங்கே ஒரு வார்டில் நாலு நாயைப் பிடிப்பது, அப்புறம் ஆறு மாதம் வண்டி வராமலிருப்பது என்றுதான் பல இடங்களில் வேலை நடக்கிறது. போதுமான கால்நடை மருத்துவர் இல்லை, அறுவை அரங்கு இல்லை, பிடிக்கத் தெரிந்த ஆளும் இல்லை.

கருத்தடை தோற்றுவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது, அதைச் சரியாகச் செய்தே பார்க்கவில்லை என்பதுதான். ஆனால் நாய் ஆர்வலர்கள் சிலர் இந்தக் குறையையே ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்கூட வாசலில் குழந்தை கடிபட்ட வீட்டில் போய் "விதிப்படி எல்லாம் நடக்கிறது" என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்படியென்றால் எது பலித்திருக்கிறது?

தடுப்பூசி. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம் வருவது. ஒரு பகுதி நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவந்தால் நோய் பரவ வழியில்லாமல் போகும். மெக்சிகோ 1990-களில் நாய்களுக்கு நாடு முழுவதும் இலவச ஊசி இயக்கத்தைத் தொடங்கியது. நாய் மூலம் மனிதருக்கு ரேபிஸ் வருவதை ஒழித்த முதல் நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது.

நம் நாட்டில் கோவா இருக்கிறது. அங்கே 2014 முதல் மாநில அரசும் மிஷன் ரேபிஸ் அமைப்பும் சேர்ந்து, கைவலையோடு தெருத்தெருவாகப் போய் நாய்களைப் பிடித்து, அங்கேயே ஊசி போட்டு, அங்கேயே விட்டார்கள். ஒவ்வொரு நாயையும் கைப்பேசிச் செயலியில் பதிந்தார்கள். பள்ளிகளில் பாடம் எடுத்தார்கள். 2018 தொடங்கிச் சில ஆண்டுகள் தொடர்ந்து அங்கே ரேபிஸால் ஒருவர்கூட இறக்கவில்லை. 2021-இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அந்த மாநிலம் அறிவிக்கப்பட்டது. சிறிய மாநிலம்தான். ஆனால் அவர்கள் செய்ததில் தமிழ்நாட்டால் செய்ய முடியாதது என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

மனித உயிரைவிட நாய் பெரிதா?

இல்லை. மனித உயிர் பெரிது என்பதால்தான், பலிக்காத வழியை விட்டுப் பலித்த வழிக்குப் போகச் சொல்கிறேன். 2024-இல் மட்டும் இந்தியாவில் 37 லட்சத்துக்கு மேல் நாய்க்கடிகள் பதிவாகியிருக்கின்றன. ரேபிஸ் இறப்பு ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 வரை இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. அண்மைய ஆய்வு ஒன்று 5,700 என்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும், தடுத்திருக்கக்கூடிய சாவுகள் இவை. செத்தவர்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஒன்று, நாய் நக்கியதையோ கீறியதையோ வீட்டில் சொல்லப் பயந்தவர்கள். இல்லையென்றால், கூலி வேலையை விட்டு நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் ஊசியைப் பாதியில் விட்டவர்கள்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

2023 கருத்தடை விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஊசி போட்டு விடலாம் என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி அங்கே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. நீங்களாக ஒரு நாய்க்கு விஷம் வைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி குற்றம்.

"நாகாலாந்துக்கு அனுப்பிவிடலாம்" என்பது சும்மா விளையாட்டுப் பேச்சுதானே?

சட்டமன்றத்திலேயே பேசியிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் தெருநாய்ப் பிரச்சினை பற்றிய விவாதம். பச்சு கடு என்ற உறுப்பினர் எழுந்து, நாய்களை அஸ்ஸாமுக்கு அனுப்பலாம், அங்கே சாப்பிடுகிறார்கள், ஒரு நாய் எட்டாயிரம் ரூபாய் வரை போகிறது என்றார். அஸ்ஸாமில் பெரிய கொந்தளிப்பு. பிறகு வருத்தம் தெரிவித்தார். எப்படித் தெரியுமா? நாகாலாந்து என்று சொல்ல நினைத்து அஸ்ஸாம் என்று சொல்லிவிட்டதாக விளக்கம் சொன்னார். ஒரு மாநிலத்திடம் கேட்ட மன்னிப்பிலேயே இன்னொரு மாநிலத்தை இழிவு செய்துவிட்டார்.

முதலில் நோய்க் கணக்கைப் பார்ப்போம். ரேபிஸ் உள்ள ஊரிலிருந்து ஊசி போடாத ஆயிரம் நாயை லாரியில் ஏற்றி இரண்டாயிரம் கிலோமீட்டர் கொண்டுபோவது, நோயை மாநிலம் மாநிலமாக விநியோகிக்கும் வேலை. நாயைப் பிடிக்கிறவர், ஏற்றுகிறவர், அறுக்கிறவர் எல்லோருக்கும் ஆபத்து. வியட்நாமில் நாயை அறுத்த வகையில் ரேபிஸ் வந்து இறந்தவர்களைப் பற்றி மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது இந்தப் பேச்சு யார் மேல் போய் விழுகிறது என்பது. சென்னையில் அழகு நிலையத்திலும் உணவகத்திலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் வடகிழக்குப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "நாய் சாப்பிடுவீங்களாமே?" என்ற கேள்வியை எதிர்கொள்ளாதவர் அபூர்வம். வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர் கேட்பார். தெருவில் ஒரு நாய் காணாமல் போனால் பார்வை அவர்கள் பக்கம் திரும்பும். கேட்பவருக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. அவர்களுக்கு அது ஊரை விட்டு வந்த நாள் முதல் தினமும் கேட்கிற ஒன்று. இதை விளையாட்டு என்று என்னால் ஏற்க முடியாது.

ஆனால் அங்கே சாப்பிடுவது உண்மைதானே?

சிலர் சாப்பிடுகிறார்கள். நாகர்களில் பல குழுக்களில் அது பழைய வழக்கம், உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. மிசோரமிலும் வழக்கம் இருந்தது. அதே குழுக்களிலேயே தொடாதவர்களும் நிறைய. வடகிழக்கு என்பது எட்டு மாநிலங்கள். அஸ்ஸாமியர், மணிப்பூரின் மெய்தேய், திரிபுராவின் வங்காளிகள் என்று மிகப் பெரும்பான்மையினர் நாய்க்கறியை நம்மைப்போலவே நினைத்துப் பார்க்காதவர்கள். எட்டு மாநிலத்துக்கும் ஒரே முகம் வரைந்துவிட்டு, அந்த முகத்துக்கு ஒரே தட்டையும் வைத்துவிடுகிறோம்.

நாகாலாந்தில் நாய்க்கறியைத் தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேனே?

2020 ஜூலையில் தடை செய்தார்கள். திமாப்பூர் சந்தையில் நாய்களைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி வைத்திருந்த படங்கள் பரவி எதிர்ப்பு கிளம்பிய பிறகு, நாய் வியாபாரத்தையும் கறி விற்பனையையும் மாநில அரசு நிறுத்தியது. கோஹிமா நகராட்சியிடம் உரிமம் பெற்ற வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அரசாணைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. 2023 ஜூனில் குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தின் கோஹிமா அமர்வு அரசாணையை ரத்து செய்தது. இப்படி ஆணையிடத் தலைமைச் செயலாளருக்கு அதிகாரம் இல்லை என்பது ஒரு காரணம். நாகர்களிடையே அது இன்றும் ஏற்கப்பட்ட உணவு என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் இறைச்சி விலங்குகளின் பட்டியலில் நாய் இல்லை என்பதும் உண்மை. அதனால் விவாதம் முடிந்துவிடவில்லை. மிசோரம் வேறு வழியில் போனது. 2020-இல் அறுக்கத் தகுந்த விலங்குகளின் பட்டியலிலிருந்தே சட்டத்திருத்தம் மூலம் நாயை எடுத்துவிட்டது.

சென்னையில் நாய்க்கறி பிடிபட்டதே, அது என்ன ஆயிற்று?

அது ஆட்டுக்கறி.

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் எழும்பூர் நிலையத்தில் 2,000 கிலோவுக்கு மேல் இறைச்சி பிடிபட்டது. தோலுரித்த உடல்களில் வால் நீளமாக இருந்தது. "இது நாய்தான்" என்று பேச்சு கிளம்பி, அன்று மாலைக்குள் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஊரெல்லாம் பரவிவிட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தார்கள். சில நாளில் முடிவு வந்தது: ஆட்டிறைச்சி. ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளுக்கு வால் நீளம், அவ்வளவுதான்.

அதற்குள் பிரியாணிக் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. தள்ளுவண்டிக்காரரும் சின்னக் கடைக்காரரும் வாங்கிய கறியை வைத்துக்கொண்டு தவித்தார்கள். பலரின் பேச்சு முஸ்லிம் கடைகளையும் வடமாநிலத் தொழிலாளிகளையும் குறிவைத்தே போனது. பிடிபட்ட செய்தி முதல் பக்கத்தில் வந்தது, ஆட்டுக்கறி என்ற செய்தி உள்ளே எங்கோ வந்தது. இன்றும் "எழும்பூர்ல புடிச்சாங்களே" என்று பேசுகிறவர்களை நான் சந்திக்கிறேன். சுகாதாரமில்லாமல், முறையான குளிர்பதனமில்லாமல் இறைச்சி வருகிறதா என்று கேட்டிருக்க வேண்டிய நல்ல கேள்வி, நாய் என்ற ஒற்றைப் பேச்சில் காணாமல் போனது.

2024 ஜூலையில் பெங்களூரு ரயில் நிலையத்திலும் அப்படியே நடந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த இறைச்சி, நாய் என்ற குற்றச்சாட்டு, ஆய்வு முடிவு ஆடு. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஹைட்டியிலிருந்து குடியேறியவர்கள் ஊராரின் நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்று அதிபர் தேர்தல் விவாத மேடையிலேயே டிரம்ப் சொன்னார். நம்பத்தகுந்த புகார் ஒன்றுகூட இல்லை என்று நகர நிர்வாகம் சொன்னது. அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. புதிதாக வந்தவர், ஏழை, வேறு மதம், வேறு நிறம் என்றால் இந்தக் கதை எங்கேயும் எடுபடுகிறது.

சீனர்களும் கொரியர்களும்?

தென் கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நாய்க்கறிக்காக வளர்ப்பதையும் அறுப்பதையும் விற்பதையும் தடை செய்தது. ஆதரவாக 208 வாக்குகள், எதிராக ஒன்றும் இல்லை. தண்டனை 2027 முதல் நடைமுறைக்கு வருகிறது. வெளிநாட்டார் கேலி செய்ததால் இது நடக்கவில்லை. 1988 ஒலிம்பிக், 2002 உலகக் கோப்பை காலத்தில் வந்த கேலி பலரை "எங்கள் உணவைப் பற்றிப் பேச நீ யார்" என்றுதான் கேட்க வைத்தது. கொரியர்களே வீட்டில் நாய் வளர்க்கத் தொடங்கி, கொரிய அமைப்புகளே பல ஆண்டு போராடியதில் வந்த சட்டம் இது.

சீனாவில் 2006-இல் யுன்னான் மாகாணத்தின் மோடிங் வட்டாரத்தில், ரேபிஸில் மூன்று பேர் இறந்ததும், ஐந்து நாளில் 50,000 நாய்களை அடித்துக் கொன்றார்கள். வீட்டு நாய்களை உரிமையாளர் கண்முன்னேயே கொன்றார்கள். சீன மக்களே கொதித்தார்கள், சீனப் பத்திரிகையே கண்டித்தது. 2011-இல் பெய்ஜிங் அருகே நெடுஞ்சாலையில் நாய் ஏற்றிப்போன லாரியை மறித்துச் சுமார் 500 நாய்களை மீட்டவர்களும் சீனர்கள்தான்.

நாய்க்கறி வியாபாரத்தை எதிர்த்தால் நான் இனவெறி பிடித்தவனா?

இல்லவே இல்லை. நானும் எதிர்க்கிறேன். திருடிய நாய், சாக்கில் திணித்த பயணம், ஊசி போடாத உடல், எந்தச் சோதனையும் இல்லாத அறுப்பு என்று எதிர்க்கக் காரணங்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு உண்டு. அவற்றைச் சொல்லி எதிர்த்துப் பேசும் நாகர்களே இருக்கிறார்கள். அவர்களோடு நில்லுங்கள். "காட்டுமிராண்டிகள்" என்று ஆரம்பித்தால் அவர்கள் குரலும் அடங்கிவிடும்.

நாம் நாயை நேசிக்கிற பண்பாடு, அவர்கள் அப்படியல்ல என்ற பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயைப் பெயரோடு அதில் செதுக்கியிருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய கல்தான். ஆனால் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றதும் இதே மண்தான். இன்னொன்று, நம் வயல்களில் எலி பிடித்து உண்ணும் இருளர்களை நம் ஊரிலேயே எப்படிப் பேசுகிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நான் என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில் எத்தனை நாய், எதற்குக் காது நுனியில் வெட்டு இருக்கிறது (கருத்தடை ஆனதற்கு அடையாளம்) என்று எண்ணி எழுதி, நகராட்சியிடம் மனுவாகக் கொடுங்கள். சோறு வைப்பவரானால் பள்ளி வாசலிலும் படிக்கட்டிலும் வைக்காதீர்கள், அந்த நாயை ஊசிக்குப் பிடித்துக்கொடுக்கும் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சிக் கடைக் கழிவைத் தெருவில் கொட்டுவதைப் பற்றிப் புகார் கொடுங்கள். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுங்கள், குட்டி போட்டால் தெருவில் விடாதீர்கள்.

நாய் கடித்துவிட்டால்?

உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வரும் காயமானால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும், கேட்டுப் பெறுங்கள். அரசு மருத்துவமனைகளில் பொதுவாக முதல் நாள், 3, 7, 28 என்று நாலு தவணை. நாய் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக் குட்டிதான் என்று விடாதீர்கள். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸுக்கு மருந்து கிடையாது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் மற்ற இடங்களிலும் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை வயிற்றைச் சுற்றிப் பதினாலு ஊசியாகப் போட்ட காலத்தை நினைத்துப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிற பெரியவர்கள் இன்னும் உண்டு. அந்த மருந்து 2004-ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது, இப்போது தோள்பட்டையில் போடும் சின்ன ஊசிதான் என்று அவர்களிடம் சொல்லி, கூடவே அழைத்துப் போங்கள்.